கணவர் சொன்னார் என்று கிழிக்கப்பட்ட கிரேன் வேலை விண்ணப்பம்

அனுப்புநர்
ஸ்தோயான்கா டிராய்கோவ்ஸ்கா,
14, ஹார்பர் தெரு, கெரூன் துறைமுகம்,
நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்
விசாரணை அலுவலர் அவர்கள்,
வேலைவாய்ப்புச் சமத்துவ அலுவலகம்,
சிட்னி.

பொருள்: தென்கரை உருக்காலையில் கிரேன் ஓட்டுநர் வேலைக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தை என்னைக் கேட்காமலே நீக்கியது – இரண்டாம் முறை புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாசிடோனியாவிலிருந்து வந்து இவ்வூரில் குடியிருக்கிறேன். இங்கே பெண்களுக்கு வேலை இல்லாததால், விடியுமுன் ரயிலேறி சிட்னித் தையற்கூடத்துக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறேன். என் இளைய மகள் ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறாள். உருக்காலையோ வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

2. பதினாறு கிலோவுக்கு மேல் பெண்கள் தூக்கச் சட்டம் இடம் தராது என்று ஆலையில் முதலில் சொன்னார்கள். நான் கேட்பது கிரேன் ஓட்டும் வேலை, பாரத்தைக் கிரேன்தான் தூக்கும் என்று பணிவுடன் தெரிவித்தேன். அடுத்து, கணவரின் சம்மதம் கேட்டார்கள். அதே ஆலையில் கிரேனுக்குக் கீழே கொக்கி மாட்டும் என் கணவர் நவும் கையெழுத்திட்டார். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது.

3. அந்த வாரமே, தேநீர் இடைவேளையில் மேற்பார்வையாளர் திரு. டார்பி எல்லோர் முன்னாலும், "என்னப்பா நவும், இனிமே உன் பொண்டாட்டி மேல உக்காந்து ஓட்டுவா, நீ கீழ நின்னு அண்ணாந்து பாத்துக் கொக்கி மாட்டுவியா? வீட்லயும் அப்படித்தானா?" என்றாராம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்று நவும் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் ஆலை அலுவலகத்தில், "அவளுக்கு அந்த வேல வேணாமாம்" என்று சொல்லிவிட்டார். அதுவே போதுமென்று என் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. கணவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டேன், இன்னும் பார்த்துக்கொள்வேன். ஆலையின் மேல் உள்ள கோபத்துக்காகத்தான் சென்ற மாதம் தங்களிடம் புகார் அளித்தேன்.

5. தங்கள் பதில் நேற்று வந்தது. உறையின் மேல் என் பெயர் இல்லை; 'திரு. நவும் டிராய்கோவ்ஸ்கி' என்று என் கணவர் பெயர் இருந்தது (எங்கள் வழக்கில் ஆணுக்கு 'ஸ்கி', பெண்ணுக்கு 'ஸ்கா'). 'தங்கள் மனைவிக்கு விருப்பமில்லை என ஆலை தெரிவித்ததால் விசாரணை முடிக்கப்படுகிறது' என்று உள்ளே அவருக்கு எழுதியிருந்தது. படித்தபோது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. விருப்பமில்லாத ஒருத்தி ஏன் புகார் எழுதினாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லையா, ஐயா?

ஆகவே, விசாரணையை மறுபடி எடுத்து, எனக்கு அந்த வேலை கிடைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். பதிலை என் பெயருக்கே அனுப்புங்கள். என் கணவருக்குப் புகார் எதுவும் இல்லை. அவருக்கு வேலை இருக்கிறது.

இடம்: கெரூன் துறைமுகம்
நாள்: 9.3.1981

வேலை கேட்டு நிற்கும்,
(ஒப்பம்) ஸ்தோயான்கா டிராய்கோவ்ஸ்கா