பழுப்பு நிறத்து ஊருக்கு வரும் மருமகள்

அபிராமம்,
ஐப்பசி 22, 1959

சிரஞ்சீவி குருநாதனுக்கு அய்யா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். இரண்டு மழை பெய்து ஊருணி பாதி நிறைந்துவிட்டதால் ஊரே சுகம். கல்கத்தாவில் தேசப்படம் வரைந்துகொண்டிருக்கும் நீயும் அப்படியே இருக்க அய்யனார் துணை.

உனக்குப் பெண் கேட்டுத் திருவையாற்றுப் பக்கம் போய் வந்தோம். பஞ்சத்தில் இங்கிருந்து பிழைக்கப் போன நம் சொந்தக்காரரின் பேரன் பூமிநாதன் வீடுதான், பெண் பெயர் சோலையம்மாள். காப்பி கொடுத்த கையோடு பூமிநாதன் சுவரில் மாட்டியிருந்த இந்தியா படத்தைக் காட்டி, "இந்தப் பழுப்பு நெறம் ரெண்டு எடத்துலதான் இருக்கு, ஒண்ணு ராஜஸ்தான் பாலைவனம், இன்னொண்ணு உங்க ஊரு. தண்ணியில்லாக் காட்டுக்கு எப்படிங்க பொண்ணக் குடுக்குறது" என்றார். படத்தின் அடியில் உன் கம்பெனியின் பெயர்! நிறம் தீட்டியவனே மாப்பிள்ளைதான் என்று உன் அம்மா வாயெடுத்தாள், நான் கண்ணால் அடக்கினேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மழை குறைவுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஆளே இல்லாத இடம் மாதிரி ஒரு ஊர்ப் பெயர்கூடப் போடாமல் விட்டால், தப்பு செய்த அதிகாரியை இங்கே மாற்றுவதும் பெண் கொடுக்கப் பயப்படுவதும் ஏன் நடக்காது? ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்திருக்கிறோமே, அதற்கு உங்களிடம் நீல மை இல்லையா?

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டெதிரே ஓடும் காவேரிக்குப் போனேன். கரை முட்டத் தண்ணீர், அதற்குள் இறங்கி ஆளாளுக்குக் குளிக்கிறார்கள், மாட்டைக் கழுவுகிறார்கள். நம் ஊருணியில் கால் பட்டால் அபராதம்தானே, அந்தப் பழக்கத்தில், "ஏலே, குடிக்கிற தண்ணியில காலை வைக்காதிய, கரையேறுங்க" என்று கத்திவிட்டேன். படித்துறையே சிரித்தது. பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டார். சம்பந்தம் போச்சு என்று உன் அம்மா என்னை வைதபடியே மூட்டை கட்டினாள்.

நாங்கள் கிளம்பி வாசலுக்கு வந்தபோது சோலையம்மாள் எதிரே படித்துறைப் படியில் குந்தி, கால் நனையாமல் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, கரையேறித் தள்ளி நின்று அந்த ஒரு செம்பிலேயே முகம், கை, கால் கழுவினாள். ஆறு ஓடும்போது இதென்ன கூத்து என்று அவள் அப்பா கேட்டதற்கு, "பழகிக்கிறேம்ப்பா" என்றாள். பூமிநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, தை மாதமே வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. கண்ட நேரத்தில் சாப்பிடாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உங்க ஊரு எங்க இருக்கு என்று அந்தப் பெண் படத்தின் முன்னால் நின்று கேட்டாள், விரல் வைத்துக் காட்ட எனக்கு வழியில்லை. வரும்போது படம் ஒன்று எடுத்து, உன் கையாலேயே அபிராமம் என்று எழுதி, பக்கத்தில் நீலப் புள்ளி ஒன்றும் வைத்துக் கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அய்யா
தங்கசாமி