செவலை மறுபடி மென்றது

மதினி,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சாயங்காலமானால் உங்கள் செவலைப் பசுவின் எதிரே உட்கார்ந்து வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறேன். என்னைப் பார்த்தாவது அதற்கு ஞாபகம் வராதா என்றுதான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏளா, தனியா என்னத்தத் திங்குத?" என்று கேட்டுவிட்டாள்.

நீங்கள் போனதிலிருந்து செவலை அசை போடவில்லை. ரெண்டு வாய் வைக்கோல், அதோடு சரி. மாட்டு டாக்டர் ஊசி போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் நாளைக் காலையில் தரகரை வரச் சொல்லியிருக்கிறார். அசை போடாத மாடு அவர் கையிலிருந்து எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

புதுத் துறைமுக வேலை நடந்த காலத்திலும் ஒருமுறை இப்படித்தான் நின்றுபோனது. நீங்கள் என்னைச் செக்கடிக்கு இழுத்துப் போனீர்கள். செக்கு மாடு நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஏளா, வாயப் பிடி. மேல வந்த கவளத்த எடுக்கணும்."

"கடிச்சா?"

"மேல முன்பல்லே கெடையாது."

"கடவாயில இருக்குல்லா மதினி?"

"அங்கன கைய விடாத. ஒன் நாக்க விட்டா ஊருக்கு நல்லது."

எச்சில் ஒழுகிய அந்தப் பச்சை உருண்டையைச் செவலையின் வாயில் திணித்தீர்கள். "மெல்லாம முழுங்கிட்டுப் பெறவு எடுத்து மெல்லும். மறந்துட்டுன்னா அடுத்த மாடுதான் ஞாபகப்படுத்தணும்" என்றீர்கள். அப்புறம் என் தலையைப் பிடித்து அதன் இடது விலாவில் அழுத்தினீர்கள். "உள்ள அலை அடிக்கு. கேக்குதா?" கேட்டது.

நேற்று நானும் வேறொரு மாட்டின் வாயில் கை விட்டேன். பிடித்துக்கொள்ள நீங்கள் இல்லை. முழங்கை வரை எச்சில்தான் மிச்சம்.

உங்கள் சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக் கேலி பேசி அனுப்பினேன். அழவில்லை. இப்போது பாத்திரம் துலக்கும்போது வருகிறது. துலக்கி முடித்ததும் போய் விலாவில் காதை வைக்கிறேன். நீங்கள் பழக்கிவிட்டுப் போனது அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. உள்ளே சத்தமே இல்லை மதினி.

இதுவரை உள்ளதை எழுத்துக் கூட்டி எழுதி, தொழுவத்துச் சுவரில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் தாளைக் காணோம். செவலையிடம் கேட்டேன், அதன் வாயோரம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. இருட்டும் நேரத்தில் அதன் கழுத்துக்குள் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. மெல்ல ஆரம்பித்தது.

தரகரை வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். இது இரண்டாம் முறை எழுதியது. முதல் தாளில் கையெழுத்து இதைவிட நன்றாக இருந்தது.