ஆறு வரிசைச் சம்பங்கி

ஜூலை 6, ஞாயிறு
பதினெட்டு வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷர் வீட்டில் சும்மா இருப்பாரா? மூன்று மாதமாக ஃப்ரிட்ஜைத் திறக்கிறார், பார்க்கிறார், மூடுகிறார். (நேரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? சதீஷ், சதீஷ், சதீஷ்.)

இன்று அந்தச் சதீஷ் கொல்லையில் ஆறு வரிசை சம்பங்கிக் கிழங்கு நட்டார். நாற்று நடுவது போலவே குனிந்து, பின்னால் நகர்ந்து, கட்டைவிரலால் அழுத்தி. நாற்றுக்கு வேர் எதுவென்று பார்த்தாலே தெரியும். கிழங்குக்கு? கூர்முனையெல்லாம் மண்ணுக்குள்ளே! முள்ளங்கி என்று நினைத்துவிட்டார் போல.

கைகழுவிவிட்டு வந்து சொல்கிறார்: "இது முளைச்சா இங்கயே இருந்துடுறேன் ஈஸ்வரி. முளைக்கலன்னா கம்பெனி திரும்பக் கூப்பிடுது, கிளம்பிடுறேன். முப்பத்தொண்ணுக்குள்ள பதில் சொல்லணும்."

"உங்க இஷ்டம்ங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூலை 7
கிழங்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் சிவப்பு மையும் கையுமாக இருப்பவள்தான். ஆனால் ஊர் திரும்பியபின் அவராக ஆசைப்பட்டுச் செய்த முதல் வேலை. அதில் போயா தப்பு கண்டுபிடிப்பது?

ஜூலை 12, சனி
அவர் திருவையாற்றுக்குப் போனார். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஒவ்வொன்றாகத் தோண்டி, கூர் மேலே வரும்படி திருப்பி வைத்தேன். மூன்று வரிசை முடிந்தது, வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

"என்ன பண்ற?"

"கோரை பிடுங்குறேங்க."

புடவையெல்லாம் சேறு. நம்பிவிட்டார்.

ஜூலை 16
மீதி மூன்று வரிசை அப்படியே கிடக்கிறது. மனுஷர் கொல்லையை விட்டு நகர்ந்தால்தானே!

ஜூலை 19
காலையில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். போனில் ஏதோ வீடியோ பார்த்தாராம். "கூர் மேல இருக்கணுமாம். எல்லாத்தையும் தலைகீழா நட்டுட்டேன். நேத்து நீ ஸ்கூலுக்குப் போனதும் ஆறு வரிசையையும் திருப்பிட்டேன்."

எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டேன். களிமண் உருண்டையோடு பெயர்த்து அப்படியே கவிழ்த்தாராம். உள்ளே கிழங்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

அடப்பாவி மனுஷா! நேராக இருந்த என் மூணு வரிசையும் இப்ப தலைகீழ்! சிரிக்கவா, அழவா?

ஜூலை 29
நான் தொடாத அவருடைய மூன்று வரிசையும் முளைத்துவிட்டது. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. பாதி மட்டும் ஏன் வரல? இந்த ஊரு எனக்கு ஒத்துவரல போல" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல இரண்டே நாள். அதற்குமேல் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீ எதுக்குத் திருப்பின?"

"முளைக்கலன்னா போயிடுவேன்னு சொன்னீங்களே!"

பதினெட்டு வருஷமா ஏர்போர்ட்ல 'பாத்துப் போங்க'ன்னு மட்டுமே சொன்ன வாய் இது. போகாதீங்கன்னு கேட்டு, அதுக்கப்புறமும் போயிட்டார்னா? அந்தப் பயம்.

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு போய் மோட்டாரைப் போட்டார்.

ஜூலை 31
கம்பெனிக்கு என்ன பதில் எழுதினார் என்று கேட்கவில்லை. பரணிலிருந்த பெரிய சூட்கேஸை இறக்கினார். கிளம்புகிறார் என்றே நினைத்தேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் உள்ளே சம்பங்கிக்குப் போட வேப்பம்புண்ணாக்கு. வீடெல்லாம் நாற்றம். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
என் வரிசைகளும் வந்துவிட்டன! மண்ணுக்குள்ளேயே சுற்றி வளைந்து, பக்கவாட்டில் தலைகாட்டுகின்றன. ஒன்றை நிமிர்த்தப் போனேன்.

"தாயே, இனிமே நீயும் தொடாத, நானும் தொடல" என்றார்.

மாலையில் காபி எடுத்துக்கொண்டு கொல்லை வாசலில் நின்று, "சதீஷ்" என்று கூப்பிட்டேன்.

திரும்பவே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"யாரைக் கூப்பிடுற?" என்றார், எனக்குப் பின்னால் தெருவாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே.