முப்பது பலகை

மாணவியர் விடுதி, இரண்டாம் மாடி
ஜூன் 29, 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

கோடைக் கணித முகாமுக்கு நலமாக வந்து சேர்ந்தேன். அறைத்தோழி இமோஜென் டொலீடோக்காரி. தூக்கத்தில் பகா எண்களை ஒப்பிக்கிறாள். சாப்பாட்டில் மக்ரோனியைத் தவிர வேறெதையும் நம்பி வாயில் வைக்க முடியாது.

மேம்பட்ட ப்ரீ-அல்ஜீப்ரா வகுப்பில் பதினெட்டுப் பேர். ஊர்ப் பள்ளியில் எப்போதும் முதலில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே நான் தலையைத் தூக்குவதற்குள் பத்துப் பேர் முடித்துவிடுகிறார்கள். பயமாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது.

ஒரு விஷயம். வகுப்புச் சுவரில் எங்கள் ஆசிரியை மிஸஸ் ஹாவர்காம்ப் ஒரு தாளை மாட்டியிருக்கிறார். நுழைவுக்காக வீட்டிலிருந்து செய்து அனுப்பினோமே, அதில் பன்னிரண்டாம் கணக்கு. ஒரு வேலியைத் தங்கை தனியாக வர்ணம் அடித்தால் பதினைந்து மணி நேரம், அக்கா அடித்தால் பத்து. தங்கை ஐந்து மணி நேரம் அடித்த பிறகு அக்காவும் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு நேரம்? வந்த விடைகளிலேயே நேர்த்தியானதாம். பெயர் என்னுடையது. ஆனால் அப்பா, அது உங்களுடையது. நான் பென்சிலால் போட்ட வேலிப் படத்தை அழித்துவிட்டு, அதே இடத்தில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

பதினேழாம் தேதி சனிக்கிழமை பெற்றோர் வரும் நாளில், அதை நான்தான் கரும்பலகையில் விளக்க வேண்டுமாம்.

உங்கள் அன்பு மகள்,
ஜேனெல்

வீடு, மேரியன்
ஜூலை 2

என் செல்ல ஜேனிக்கு,

உன் கடிதம் கண்டு அம்மா இரண்டு தடவை அழுதாள். நான் ஒரு தடவை. சுவரில் மாட்டியிருக்கிறார்களா! தொழிற்சாலையில் என் கருவி அறை ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் சொல்லிவிட்டேன். ஃபோர்மேன் என்னைக் கண்டாலே வேறு பக்கம் போகிறார்.

இதில் என்ன கவலை? கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான். எந்த அப்பன் செய்யவில்லை? ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரு பக்கமும் முப்பதால் பெருக்கு, பிறகு தானாக ஓடும். மனப்பாடம் செய்துவிடு.

பென்சிலை இப்படி அழுத்தாதே. உன் கடிதத்தைப் பின்பக்கம் விரலால் தடவியே படிக்கலாம் போலிருக்கிறது. அம்மா கடலை பிஸ்கட் அனுப்பியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

பிஸ்கட் அரை நாள்கூடத் தாங்கவில்லை. நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கைக்கு எல்லோரும் புல்வெளிக்குப் போனார்கள். நான் அறையிலேயே இருந்து உங்கள் வரிகளைப் படித்தேன். இப்போது தலைகீழாகக்கூடச் சொல்வேன். ஆனால் எனக்குப் புரியவில்லை அப்பா.

இங்கே ஒரு வழக்கம். கரும்பலகை முன் நிற்பவர் சொல்லும் எந்த எண்ணையும் யார் வேண்டுமானாலும் நிறுத்தி, அது என்ன என்று கேட்கலாம். 'எட்டு' என்றால் எட்டு ஆப்பிளா, எட்டு மைலா? சொல்லத் தெரியாவிட்டால் போய் உட்கார வேண்டும். குவென்டின் என்று ஒரு பையன், வாயில் எப்போதும் அந்தக் கேள்விதான்.

இன்னொன்று. போன வருடம் ஒருவனுக்கு அண்ணன் செய்துகொடுத்தது தெரிந்து, பாதியிலேயே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். 'முழுவதும் மாணவரே செய்தது' என்ற படிவத்தில் நாம் இருவரும் கையெழுத்துப் போட்டோம், நினைவிருக்கிறதா? எனக்கு இங்கிருந்து போக வேண்டாம். ஆனால் அந்தத் தாளைத் தாண்டித்தான் தினமும் என் நாற்காலிக்குப் போக வேண்டியிருக்கிறது.

சொல்லிவிடட்டுமா?

ஜேனெல்

ஜூலை 9

ஜேனி,

வேண்டாம். ஒரு வார்த்தை பேசாதே.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதின்மூன்று வயதில் எனக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். விடை தெரிந்திருந்தது, எழுதத் தெரியவில்லை. கட்டம் கட்டமாகப் படம் போட்டு வைத்தேன். வாத்தியார் அதைத் தூக்கிக் காட்டி, "இது கணக்கா, குழந்தை கிறுக்கினதா?" என்றார். வகுப்பே சிரித்தது. மறுவாரம் என்னைக் கைத்தொழில் பட்டறை வகுப்பில் போட்டார்கள். முப்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய்த்தான் x என்ற எழுத்தையே கற்றேன். இன்றும் கருவி அறையின் ஜன்னலுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

உன் தாளில் அதே மாதிரிப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. அந்தக் கதவு உனக்கும் சாத்தப்படக் கூடாது. நீ வாயைத் திறந்தால் சனிக்கிழமை எந்த முகத்தோடு அங்கே வருவேன்? இதை என் கட்டளையாகவே எடுத்துக்கொள்.

அப்பா

ஜூலை 12, திங்கள்

அப்பாவுக்கு,

உங்கள் பேச்சை மீறிவிட்டேன்.

இன்று சனிக்கிழமைக்கான ஒத்திகை. உங்கள் வரிகளை ஒப்பித்துக்கொண்டே போனேன். இரு பக்கமும் முப்பதால் பெருக்கினேன். குவென்டின் கையைத் தூக்கினான்.

"முப்பதுன்னா, முப்பது என்ன?"

உங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும் என்று திடீரென்று தெரிந்தது. "பலகை" என்றேன். சாக்கட்டியால் வேலி வரைந்தேன், முப்பது பலகை. தங்கை மணிக்கு இரண்டு, அக்கா மணிக்கு மூன்று. முதல் ஐந்து மணியில் தங்கை பத்து முடித்தாள். மிச்சம் இருபது. இருவருமாக மணிக்கு ஐந்து, ஆக இன்னும் நான்கு மணி. மொத்தம் ஒன்பது. குவென்டின் கையை இறக்கிவிட்டான்.

"இத ஏன் தாள்ல எழுதல?" என்று மிஸஸ் ஹாவர்காம்ப் கேட்டார்.

"எழுதியிருந்தேன். அப்பா அழிச்சிட்டார்."

எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

என் படமும் சரிதான் அப்பா. அதையா அழித்தீர்கள்? அது சரி என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதை மட்டும் சொல்லுங்கள்.

படிவத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பதால், எது யார் செய்தது என்று உங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும் என்கிறார் மிஸஸ் ஹாவர்காம்ப். வியாழன் மதியத்துக்குள் வரவில்லையென்றால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான் ஊருக்கு. உங்களுக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

ஜேனெல்

புதன், ஜூலை 14
உன் விடுதி வாசல் மேஜையிலிருந்து

என் ஜேனிக்கு,

தபாலை நம்பாமல் நானே காரில் வந்தேன். உன்னைக் கூப்பிடத் துணிவு வரவில்லை. அதனால்தான் இதை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: தெரியும். என் விடையும் ஒன்பதுதான் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் உன் படத்தை அழித்தேன். உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கும் முன்னால் நானே அந்த வாத்தியாராகிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இதையே மிஸஸ் ஹாவர்காம்ப்பிடம் எழுதிக் கொடுத்தேன். படித்தார். சுவரிலிருந்து தாளைக் கழற்றினார். "நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது?" என்றார். அப்போது உன் கை அழுத்தம் ஞாபகம் வந்தது. தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நீ அழுத்தி வரைந்த பலகைகளின் தடம் ஒன்றுகூடப் போகவில்லை. பின்பக்கம் திருப்பி அவரும் நானும் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினோம். இருபத்தொன்பது வந்தது. ஒன்று குறைகிறதே என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவர்தான் கண்டுபிடித்தார்.

நீ இருக்கலாமாம். தாள் மட்டும் மறுபடி சுவருக்குப் போகாது. சனிக்கிழமை வருகிறேன், கடைசி வரிசையில் உட்காருவேன். பென்சிலைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிடு.

முப்பதாவது பலகை என் x-க்கு அடியில் இருந்தது.

அப்பா