எட்டு ரூபாய் என்று எழுதப்பட்ட அறையைப் பற்றி

அனுப்புநர்:
வை. குஞ்சிதபாதம்,
ஒப்பந்தக்காரரிடம் குமாஸ்தா,
கலியமூர்த்தி வீட்டுப் பின்கட்டு அறை,
வடக்குத்து, நெய்வேலி வழி,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
தனி அதிகாரி அவர்கள்,
சிற்றூர் வாடகை நிலவர விசாரணை,
முகாம்: நெய்வேலி.

பொருள்: வடக்குத்தில் வாடகை மலிவு என்ற முடிவை மறுவிசாரணை செய்யக் கோரியும், வரும் ஞாயிறு இரவு முதல் என் மனைவிக்கும் மகளுக்கும் தங்க இடம் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நாற்பத்தாறு வயதினன். இன்டர்மீடியட் தேறியவன். இதைப் பெயரில்லாமல் எழுதிவிடலாமென்றே முதலில் எண்ணினேன். மொட்டை மனு எங்கே போய்ச் சேரும் என்பது குமாஸ்தாவாகிய எனக்குத் தெரியும். ஆகவே பெயரோடு எழுதுகிறேன். பயத்தோடும் எழுதுகிறேன்.

2. சென்ற புரட்டாசியில் தாங்கள் இவ்வூருக்கு ஜீப்பில் வந்து விசாரித்ததன் முடிவு, இப்போது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. சுற்றுச் சிற்றூர்களில் வாடகை தொழிலாளியின் வருமானத்தில் சிறு பங்கே என்றும், எனவே அங்குக் குடியிருப்போருக்குப் புதிய தகரக் கொட்டகைக் குடியிருப்பில் இடம் ஒதுக்கத் தேவையில்லை என்றும் அதில் கண்டிருக்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டியவற்றுள் ஒன்று, கலியமூர்த்தி வீட்டுப் பின்கட்டு அறை, வாடகை எட்டு ரூபாய். நான் குடியிருப்பது அந்த அறையில். எட்டு ரூபாய் நானும் கொடுக்கிறேன். ஆனால் அறையின் வாடகை எட்டு ரூபாய் அன்று.

3. இதைத் தாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பொதுக் கிணற்றுத் தண்ணீரை முறை வைத்து இறைத்துக்கொள்வது இந்தப் பக்கத்துப் பங்காளிகளின் வழக்கம். சுரங்கம் திறந்து வெளியூர் ஆட்கள் வந்து குவிந்தபின், வீட்டுக்காரர்கள் அதே முறையை அறைக்கும் வைத்துவிட்டார்கள். பகல் ஒரு முறை, இரவு ஒரு முறை. எங்கள் அறையில் நானும் என் மனைவி ஆதிலட்சுமியும் பதினாறு வயது மகள் கண்ணகியும் ஒரு முறை. சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலை பார்க்கும் இசக்கிமுத்து, கொளஞ்சியப்பன் இருவரும் மறு முறை. அவர்களுக்கு இரவு ஷிப்டு என்றால் பகலில் அவர்கள் தூங்குவார்கள், இரவில் அறை எங்களுக்கு. பதினைந்து நாளில் ஷிப்டு மாறும். மாறினால் இரவு அவர்களுக்கு. எனக்கு வேலை எப்போதும் பகலில்தான். நாங்கள் மூவரும் சேர்ந்து எட்டு ரூபாய், அவர்கள் ஆளுக்கு எட்டு. மூன்று எட்டும் சேர்ந்ததே அந்த அறையின் வாடகை. அதை ஒரே குடும்பமாக நான் ஏற்றால், என் சம்பளத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். இவ்வூரில் வேறு எந்த அறை கேட்டாலும் இதே முறைதான். இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்தவன். அவன் சொல்வது: "நம்ம வீட்டுக்காரருக்கு சூரியனும் வாடகை குடுக்கான், சந்திரனும் வாடகை குடுக்கான். அமாவாசைக்கு மட்டும் என்ன செய்வாரோ, பாவம்!" அவன் சிரிக்கலாம். அவனுக்கு மகள் இல்லை.

4. தங்கள் விசாரணையில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவிக்கிறேன். தாங்கள் வந்தது முற்பகல். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிமுத்துவை எழுப்பி, நீ எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டீர்கள். எட்டு என்றான். தூங்குகிற மற்றவன் யார் என்று வீட்டுக்காரரைக் கேட்டீர்கள். "அவன் கூட்டாளிங்க" என்றார். அதுவும் உண்மை. அவனை எழுப்பவில்லை. இந்த அறையிலிருந்து மொத்தம் எவ்வளவு வருகிறது என்று தாங்கள் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் சொல்லக் கலியமூர்த்தி அப்பாவி அல்லர். பின்னர் நான் இசக்கிமுத்துவைக் கடிந்துகொண்டேன். "சார்வாள், கேட்டதுக்குத்தான பதில் சொல்லமுடியும்? அரைத் தூக்கத்துல எந்திச்சவன்கிட்டே ஜமாபந்தி நடத்துனா நான் என்ன செய்ய?" என்றான்.

5. அந்நேரம் என் மனைவியும் மகளும் ஊருக்கு வெளியே முந்திரித் தோப்பில், மூன்று கல் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். அறை இல்லாத பகல்களில் அவர்கள் வாசம் அங்கேதான். ஜீப்பைக் கண்டு கண்ணகி ஓடிவந்திருக்கிறாள். வீட்டுக்காரரின் மனைவி பட்டம்மாள் வழியிலேயே மறித்து, "பெரியவங்க பேசிக்கினு இருக்காங்க, பொட்டப் புள்ளைக்கு இங்க இன்னா வேல? போ, ஒலைய பாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். தாங்கள் பட்டம்மாள் கொடுத்த மோரைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டதை என் மகள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தாளாம். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

6. பலகையில் முடிவைப் படித்த அன்று, அது தவறு என்று பலர் கேட்க நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எனக்குப் பின் வேலைக்கு வந்து, என்னைவிடக் குறைவாகப் படித்து, எனக்கு முன்பே குவார்ட்டர்ஸும் வாங்கிக்கொண்ட சிங்காரவேல் என்பவன் அன்று பக்கத்தில் நின்றான். மாலைக்குள் செய்தி கலியமூர்த்தியிடம் போய்விட்டது. அவர் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவ்வளவு பயம் இராது. மிக மரியாதையாகவே சொன்னார்: "நீங்க படிச்சவங்க. எழுதிப் போடுங்க, நான் வேணாங்கல. ஆனா எழுதற கைக்கும் ராவுல சாயறதுக்கு ஒரு எடம் வோணுமில்லீங்களா?"

7. அதன் பொருள் மறுநாள் தெரிந்தது. எங்களுக்கு இரவு அறை இல்லாத நாட்களில் அவருடைய வண்டிக் கொட்டகையில் படுத்துக்கொள்ள விட்டுவந்தார். அதற்கு இப்போது படல் வைத்துக் கட்டி, உள்ளே இரண்டு எருதுகளையும் கட்டிவிட்டார். வரும் திங்கட்கிழமை ஷிப்டு மாறுகிறது. ஞாயிறு இரவே அறை மற்ற இருவருக்கும் உரியது. ஐப்பசி பிறந்து மழையும் தொடங்கிவிட்டது.

8. கொட்டகை இருந்தபோதே நாங்கள் நிம்மதியாக இருந்ததில்லை. சென்ற முறை அங்கே படுத்திருக்கையில், வெளியே யாரோ ஒருவன் வந்து நின்றான். பீடி நெருப்பு மட்டும் தெரிந்தது. யாரது என்றேன். நெருப்பு அணைந்தது. ஆனால் நடந்து போகும் சத்தம் கேட்கவில்லை. விடியும்வரை என் மனைவி அரிவாள்மணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன்பின் என் மகள் பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். இரவில் எழுந்து வெளியே போகவேண்டிவரும் என்று அஞ்சி நாக்கு வறண்டு கிடக்கிறாள். நாங்கள் யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. தானாகவே செய்கிறாள். காவலிருந்த கண்ணோடு வேலைக்குப் போய்க் கணக்கில் தப்புச் செய்கிறேன். ஒப்பந்தக்காரர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார்.

9. இரவில் பெண்களுக்கு அறையை விட்டுக்கொடுக்கும்படி மற்ற இருவரையும் கேட்டேன். இசக்கிமுத்து உடனே சம்மதித்தான். கொளஞ்சியப்பன், "நானும் எட்டு ரூவா குடுக்கறேங்க. பகலெல்லாம் மண்ணு வாரிட்டு ராவுல மழையில படுக்கவா? உங்க பொண்ணு பொண்ணுதான், என் ஒடம்பும் ஒடம்புதானுங்களே" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால்தான் அவன்மேல் எனக்கு ஆறாத கோபம்.

10. நெல்லிக்குப்பத்தில் எனக்கு ஒரு பாதி வீடு இருந்தது. அதை என் தமையன் சிவப்பிரகாசம் எப்படித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்பது இம்மனுவிற்குப் புறம்பானது. ஆயினும் நான் மறக்கவில்லை. பிணக்கை விழுங்கிக்கொண்டு, மனைவியையும் மகளையும் மழைக்காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளும்படி சென்ற வாரம் அவரிடம் போய் நின்றேன். "அங்கதான் வாடகை கொள்ள மலிவாமே! சர்க்காரே எழுதி ஒட்டியிருக்குதாம். அப்புறம் இன்னாத்துக்கு இங்க வந்து கண்ணக் கசக்கற?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். ஐயா, பலகையில் ஒட்டிய ஒரு தாள் அவ்வளவு தூரம் நடந்து போய் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதனால்தான் அதைத் திருத்த வேண்டுகிறேன்.

11. ஒருவன் கொடுப்பதை மட்டும் கேட்டால் எந்த ஊரும் மலிவான ஊர்தான். அந்தப் பணத்துக்கு அவனுக்கு எத்தனை மணி நேரம் கூரை கிடைக்கிறது, மீதி நேரம் அவன் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் வாடகை தெரியும். தாங்கள் மீண்டும் ஒருமுறை வர வேண்டும். முன்கூட்டிச் சொல்லியனுப்பாமல், ஒரு சாரார் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேற மறு சாரார் உள்ளே நுழையும் அந்தி வேளையில் வர வேண்டும். வீட்டுக்காரரை உடன் வைத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். இவ்வூரில் நின்று என் பெயரைச் சொல்லாதிருக்கவும் மன்றாடுகிறேன்.

12. மறுவிசாரணைக்கு நாளாகும் என்பதை அறிவேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நாளில்லை. கட்டி முடித்துப் பூட்டிக் கிடக்கும் தகரக் கொட்டகைகளில் ஏதேனும் ஒன்றில், ஒரு மூலை, இரண்டு பெண்கள் படுக்குமளவு, தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்குமாறு தர உத்தரவிட வேண்டுகிறேன். எனக்கு இடம் வேண்டாம். நான் எங்கேயும் கிடப்பேன்.

13. இம்மனுவிற்குப் பதிலை மேற்கண்ட முகவரிக்கு அனுப்ப வேண்டாம். பின்கட்டுக்கு வரும் தபாலைத் தபால்காரர் வீட்டுக்காரர் கையில்தான் கொடுக்கிறார். ஞாயிறு மாலை முதல் என் மனைவியும் மகளும் தங்கள் முகாம் அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உத்தரவு எதுவாயினும் அவர்களிடமே கொடுக்கலாம். விளக்கணைத்த பிறகும் அவர்களை அங்கிருந்து எழுப்ப வேண்டாமென்று காவலாளிக்கு மட்டும் இப்போதே சொல்லிவைக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வடக்குத்து
நாள்: 22-10-1964

அஞ்சிக்கொண்டே கையொப்பமிடும்,
வை. குஞ்சிதபாதம்