வேலை மேசையின் கால்கள்

என்னங்க,

அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியும் நீங்கள்தான் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறீர்களாம். நர்சம்மா சொன்னார். நான் காரணம் கேட்கப்போவதில்லை.

கார் ஷெட்டில் பழைய கதவை வைத்து நீங்கள் அடித்த வேலை மேசையில் கை வைத்துவிட்டேன், திட்டாதீர்கள். ஷெட் படியையும் உடைத்துச் சரிவாகப் பூசியாயிற்று. ஸ்பானர் மாட்டும் பலகையைக் கீழே இறக்கிவிட்டேன்.

"அத்தானோட பைக்கை வித்துடுக்கா, பார்க்கவே கஷ்டமா இருக்கு" என்றான் தம்பி.

"அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன். நீங்கள் பிரித்துப்போட்ட இன்ஜின் சாக்குக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

மேசையில்தான் கோட்டை விட்டேன். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து அளந்து, நான்கு கால்களையும் அறுத்துவிட்டேன். நேற்று உங்கள் சக்கர நாற்காலி வந்தது. அது இன்னும் உயரம். நானே உட்கார்ந்து தள்ளிப் பார்த்தேன், முழங்கால் இடிக்கிறது.

அறுத்த துண்டுகளை எறியவில்லை. அவற்றை வைத்து எவ்வளவு முட்டுக் கொடுப்பது என்றுதான் புரியவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தும் உங்கள் முழங்கால் உயரம் எனக்குத் தெரியாது. நீங்கள் எங்கே ஓரிடத்தில் உட்கார்ந்தீர்கள்?

வந்து உட்காருங்கள், அளந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேசையைக் கெடுத்தவள்