கடைசி வண்டி வரும்வரை

அக்கா,

மகள் பள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் மேற்சட்டை கொண்டுவந்திருக்கிறாள். முதல் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் கொடுத்தார்களாம். அக்டோபர் பனிமூட்டத்தில் கார் ஓட்டுகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. வெள்ளிப் பட்டை தைத்த அந்தப் புதுத் துணியைப் பிரித்தபோது வந்த வாசனையில் எனக்கு உங்கள் முதுகு ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் கண்ணுக்கு முன்னால் இருந்த முதுகு. அதன்மேல் இதே மஞ்சள்.

சட்டையோடு ஒரு செய்தியும் வந்தது. விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் தனியாகவே நடந்து வரட்டும், பெற்றோர் வாசல்வரை வரத் தேவையில்லை என்று, பிள்ளைகளை அழைக்கப் போயிருந்த எங்களிடம் ஆசிரியை சொன்னார். மற்ற அம்மாக்கள் தலையாட்டினார்கள். நான் மட்டும் வழியில் எத்தனை தெருக்களைக் கடக்க வேண்டும் என்று மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே என்னை.

ஜெர்மனிக்கு வந்து, வால்டோர்ஃபில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியேறிய புதிதில், படிக்கட்டில் நான் என் கணவரிடம் சண்டை போட்டுக்கொண்டு ஏறியதைக் கேட்டுக் கதவைத் திறந்தீர்கள். "தமிழோ? நல்லா பேசுறீர். மிச்சத்தையும் பேசி முடிச்சிட்டு தேத்தண்ணி குடிக்க வாரும்." வடக்கே கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் வளர்ந்து, இங்கே மருத்துவமனை வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெண் என்பது தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது. கட்டட வாசலில் நின்ற மோட்டார்சைக்கிள் உங்களுடையது என்பது அதற்கும் ஒரு வாரம் கழித்து.

மகள் பிறந்து பத்து மாதமாகியும் நான் அவளை விட்டுவிட்டுத் தபால்பெட்டிவரைகூடப் போனதில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஒருநாள் வந்து, "இந்த ஞாயிறோட என்ர வண்டி நித்திரைக்குப் போகுது, வாறீரா?" என்றீர்கள். உங்கள் வண்டியின் எண் பலகையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று போட்டிருந்தது. மற்ற மாதங்களில் தெருவில் எடுக்க முடியாது. உங்கள் மோட்டார்சைக்கிள் கூட்டத்தில் பலருக்கும் அப்படித்தான். அதனால் அக்டோபர் கடைசி ஞாயிறு எல்லோரும் சேர்ந்து ஓடன்வால்ட் மலைக்குப் போவது உங்கள் வழக்கம்.

நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர், "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டார். அதற்காக அவரை மன்னிக்க எனக்குச் சில நாட்கள் ஆயின.

உங்கள் தோல் காற்சட்டையை மாட்டி, தலைக்கவசமும் போட்டுக்கொண்டு வந்த நான், திருச்சியில் அப்பாவின் ஸ்கூட்டரில் உட்கார்ந்த பழக்கத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி ஏறப் பார்த்தேன்.

"என்ன, கோயிலுக்கோ போறம்? காலை அங்கால போடும்!"

பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. முதல் வளைவிலேயே அடுத்த தவறு. நீங்கள் இடப்பக்கம் சாய, நான் பயந்து வலப்பக்கம் சாய்ந்தேன். வண்டியை ஓரம் கட்டினீர்கள். "நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வண்டி பாவம், அது எந்தப் பக்கம் போறது? என்ர தோளை மட்டும் பாரும்."

உங்கள் தோளைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மரங்களும் தெரிந்தன. மஞ்சளும் செம்பும் கலந்த இலைகள் சாலையின் இருபுறமும் கொட்டிக் கிடந்தன. ஈர இலை வந்தால் நீங்கள் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகக் கடந்தீர்கள். வழி முழுக்க நாம்தான் கடைசி வண்டி. அது முன்னால் போகிறவர்களுக்குத் தெரியத்தான் உங்களுக்கு அந்த மஞ்சள் சட்டை.

மேடு ஏறும்போது சட்டைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுப்பதற்குள் நின்றது. உங்கள் தோளில் இரண்டு தரம் தட்டினேன். நிறுத்தச் சொல்லும் அடையாளம் அது. இறங்கி அழைத்தால் சிக்னல் இல்லை. காய்ச்சலா, கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாளா என்று மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினேன்.

"அக்கா, திரும்பிப் போயிடலாம். ப்ளீஸ்."

"உடனே ஏலாது. நான் கடைசி ஆள். நான் வராட்டி முன்னால போனவை ஒருத்தரும் போகமாட்டினம். மேல ஏறினா சிக்னல் வரும். கதைச்சுப் பாரும். பிறகும் போகவேணுமெண்டா, அவையிட்டச் சொல்லிப்போட்டு நானே கொண்டுபோய் விடுறன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளையைவிடவா இவர்களுடைய மோட்டார்சைக்கிள் ஊர்வலம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு ஏறினேன்.

அடுத்த திருப்பத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் வண்டியை ஓரத்தில் நிறுத்திப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தின் மேல் இரண்டு இலைகள். நம் விளக்கைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்திவிட்டுக் கிளம்பினார். அதற்கடுத்த திருப்பத்தில் இன்னொருவர். அதற்கும் மேலே சிவப்பு வண்டிப் பெண். நான் ஓரிடத்தில் நின்றதால் மலை முழுக்க ஆளுக்கொரு திருப்பத்தில், தனக்குப் பின்னால் வருகிறவரின் வெளிச்சம் தெரிகிறவரைக்கும், நகராமல் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் எரிச்சல் இல்லை.

உச்சியில் சிக்னல் கிடைத்தது.

"ஒண்ணுமில்ல, பாப்பா தூங்கிட்டிருக்கா" என்றார் என் கணவர். "எழுப்பணுமா வேணாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"எழுப்பாதீங்க" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப பிளம் கேக் சாப்பிடலாம்" என்றீர்கள். சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

உங்கள் இறுதிச்சடங்கில் தமிழர்கள் சிலர், "பைக்லயா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள். இல்லை, கணையத்தில் வந்த நோய் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தாடிக்காரரும் மற்றவர்களும் இடுகாட்டு வாசலில் கடைசியாக வந்த கார் நிற்கும்வரை உள்ளே போகாமல் நின்றார்கள். ஏன் என்று எனக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மகளைத் தனியாக அனுப்பினேன். சன்னலில் நின்றேன். பேக்கரி மூலையில் போய் நின்றவள் அசையவே இல்லை. பயந்துவிட்டாள், என்னைத் தேடுகிறாள் என்று நினைத்து வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினேன்.

"நீ ஏம்மா வந்த?" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "லேனா இன்னும் வரல. அவதான் லாஸ்ட்."

சோறு ஊட்டும்போதெல்லாம் உங்கள் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து இதை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. தெருக்கோடியில் தன்னைவிடப் பெரிய புத்தகப்பையோடு லேனா ஆடி அசைந்து வந்தாள். வந்து சேர்ந்ததும் இரண்டு மஞ்சள் சட்டைகளும் மூலை திரும்பின.

நான் பின்னால் போகவில்லை. இதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது, அக்கா. ஆனால் வீட்டுக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோதுதான் கவனித்தேன்: எப்போதும் கையைவிட்டு இறங்காத கைபேசி மேசைமேல் கிடந்தது. அதை எடுக்காமலே கீழே இறங்கியிருக்கிறேன்.